சுண்டு வராத இருபத்தெட்டு நாள்

1

இந்தக் கதை ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தானாக உதித்தது என்று எழுதினால் என் மனைவி சிரிப்பாள். அவள்தான் இதன் முதல் வாசகி. இப்போது அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் வந்திருக்கீங்க?" என்று கேட்கிறாள். முதல் பக்கம்தான்.

நான் கதை எழுதுகிறவன் இல்லை. கடிதம் எழுதுகிறவன். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு, அது ஏன் வரவில்லை என்பதைப் பணிவோடு விளக்குவது என் வேலை. நான் படித்த சிறிய ஊர்ப் பள்ளியில் ஒரு கடிதத்துக்கு ஏழு உறுப்புகள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கதைக்கு எத்தனை உறுப்புகள் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எண் போட்டுக்கொண்டு போகிறேன். எண் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதல் தொடக்கம்: "பொருள்: வெளியில் கூப்பிட்டால் வராத நாய் தொடர்பாக." மனைவி படித்துவிட்டு, "இது கதையா, மனுவா?" என்றாள்.

இரண்டாம் தொடக்கம்: "மாலை வெயில் மங்கும் நேரம், பெயர் தெரியாத பறவைகள் கூட்டமாக—" பறவைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விட்டுவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "சுண்டு ஒரு சிறிய நாய்." இதில் பொய் எதுவும் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

சுண்டு ஒரு சிறிய நாய். பழுப்பு நிறம், இடது காது பாதிதான் நிற்கும், பின்னங்கால் ஒன்றை லேசாகத் தாங்கி நடக்கும். கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். எடுத்து வந்தோம் என்பது முழு உண்மையில்லை. ஆறு வாரத்துக்குப் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். சுண்டுவை முன்பு ஒரு குடும்பம் வளர்த்தது. ஒருநாள் கதவு திறந்திருந்தது, சாலைக்கு ஓடியது, கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. கால் அப்போது போனதுதான்.

காப்பகத்து அம்மா படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்குள்ள சமர்த்தா இருக்கறது பெரிசில்ல சார். வெளியில அவுத்து விட்டு, கூப்பிட்டா வரணும். ஆறாவது வாரம் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நானே வந்து பாப்பேன். வரலன்னா எங்ககூடவே திரும்ப வந்துரட்டும். இன்னொரு தடவை அடிபட்டா தாங்காது."

படிவத்தில் இது ஒன்பதாவது நிபந்தனை. படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிறு நாளை.

வீட்டுக்குள் சுண்டுவைப் போல ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. குளியலறையிலிருந்து மெதுவாகப் பெயரைச் சொன்னாலும் வாசலில் வந்து நிற்கும். வெளியே போய்விட்டால் ஆள் வேறு. எங்கள் தெருக்கோடியில் வேலி போட்ட ஒரு மைதானம் உண்டு. உள்ளே போய்க் கயிற்றைக் கழற்றினால், என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பது போல ஒரு முகம். கூப்பிட்டால் நின்ற காது ஒரு தடவை அசையும். கேட்டுவிட்டது என்று தெரியும். பிறகு மண்ணை முகர்ந்துகொண்டு எதிர்ப்பக்கம் போகும். வேலிக்கு வெளியே நடக்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருவர், "உங்க நாயா சார்?" என்று கேட்டார். "அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்" என்றேன்.

சுண்டு படுப்பது பாப்பாவின் அறையில், கட்டிலுக்கு அடியில். பாப்பா என்பது எங்கள்—

(இது வேறு கதை. இங்கே வேண்டாம்.)

3

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாளே கோடு போட்டு ஐந்து கட்டம் பிரித்தேன். நாள். நேரம். தூரம். எத்தனை தடவை கூப்பிட்டேன். வந்ததா. தூரத்தைக் காலடிகளால் அளந்து எழுதினேன்.*

முதல் மூன்று நாள் "வந்தது" என்று இருக்கிறது. நான்காம் நாள் "வரவில்லை". ஐந்தாம் நாளிலிருந்து அந்தச் சொல்லைத் திரும்ப எழுதாமல், கீழே கீழே இரட்டைக் குறி போட்டுக்கொண்டே போயிருக்கிறேன், அலுவலகத்தில் செய்கிற மாதிரி. முப்பத்தொன்றாம் நாள் வரைக்கும் போனது. வராத நாள் இருபத்தெட்டு.

சுண்டு வரவில்லை என்றால் எப்படி வீட்டுக்கு வந்தது என்று நீங்கள் கேட்கலாம். துரத்திப் பிடிப்பேன். குழாயடியில் தண்ணீர் குடிக்க நிற்கும்போது பின்னால் போய்ப் பிடிப்பேன். சில நாள் பத்து நிமிடம், சில நாள் முக்கால் மணி நேரம். ஐம்பத்தேழு வயதில் ஓடுவது எப்படி இருக்கும் என்பதை நோட்டில் எழுதவில்லை, கட்டம் இல்லை.

* என் காலடி சராசரியாக இரண்டேகால் அடி. இது யாருக்கும் தேவையில்லை. இந்தக் குறிப்பை அடித்துவிடச் சொன்னாள் மனைவி; மனசு வரவில்லை.

4

அடுத்து வருவது தோட்டக்காரர்.

தோட்டக்காரரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடர்ந்த மீசை வைத்தேன், கையில் ரப்பர் குழாய் கொடுத்தேன். மைதானத்தில் நான் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கும்போது அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "ஐயா, நீங்க அதை எப்பக் கூப்பிடுறீங்க?" என்று கேட்பதாக மூன்று பக்கம் எழுதினேன். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிடும். நல்ல இடம் என்று எனக்கே பட்டது.

மனைவி மூன்று பக்கத்தையும் படித்தாள்.

"யாருங்க இந்த ஆளு?"

"தோட்டக்காரர்."

"அந்த மைதானத்துல ஒரு குழாயும் ரெண்டு பெஞ்சும்தான் இருக்கு. தோட்டம் எங்க?"

"கதைக்காக வச்சது."

"நான் சொன்னத எடுத்து அவன் மீசையில ஒட்டிருக்கீங்க. கதையில எனக்குத் துணி மடிக்கிற வேலை மட்டுந்தானா?"

தோட்டக்காரரை நீக்கிவிட்டேன். அவருக்கு என் வருத்தம். மனைவி சொல்லித் தெரிந்துகொண்டதாக எழுதுவதைவிட, முன்பின் தெரியாத மீசைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டதாக எழுதுவது ஆண்பிள்ளைக்குக் கொஞ்சம் வசதி. அதற்காகத்தான் அவரைப் பிறக்க வைத்தேன்.

நடந்தது இதுதான். முப்பத்தொன்றாம் நாள், புதன்கிழமை. நான் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் நோட்டைப் புரட்டினாள்.

"முதல் மூணு நாள் வந்திருக்கே."

"அப்போ புதுசு. பயந்துக்கிட்டு வந்திருக்கும்."

"வந்ததும் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? கயித்த மாட்டிக் கூட்டிட்டு வந்தேன்."

"நாலாவது நாள்?"

"வரல. பிடிச்சு, கயித்த மாட்டிக் கூட்டிட்டு வந்தேன்."

"நடுவுல எப்பவாச்சும் சும்மா கூப்பிட்டிருக்கீங்களா?"

"சும்மா எதுக்குக் கூப்பிடணும்? வீட்டுக்குப் போற நேரம் வந்தாத்தானே கூப்பிடணும்."

அவள் நோட்டை மூடினாள். "வீட்டுக்குள்ள நான் கூப்பிட்டா பிஸ்கட். வெளியில நீங்க கூப்பிட்டா கயிறு, விளையாட்டு முடிஞ்சது. அது மக்கு இல்லையே. இப்படிக் கூப்பிட்டா நானே வரமாட்டேன்."

நான் அளவுகோலை எடுத்து ஆறாவதாக ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு: "பிறகு நான் செய்தது." முப்பத்தொரு வரியையும் நினைவிலிருந்து நிரப்பினேன். நிரப்ப ஒன்றும் இல்லை. முதல் வரியில் "கயிற்றை மாட்டினேன்" என்று எழுதிவிட்டு, கீழே முப்பது இரட்டைக் குறி.

5

முப்பத்திரண்டாம் நாள் வியாழன். சுண்டுவைக் கூப்பிட்டேன். காது அசைந்தது. வரவில்லை. நானும் துரத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப்பையில் இருந்த பிஸ்கட்டை நானே தின்றேன். நேரம் ஆனதும் கூப்பிடாமலே பக்கத்தில் போய், கொஞ்ச நேரம் கூடவே நடந்து, முதுகைத் தடவி, பேசிக்கொண்டே கயிற்றை மாட்டினேன். "கூப்பிட்டதுக்கும் கயித்துக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது" என்று மேலிடத்து உத்தரவு.

வெள்ளியும் சனியும் அப்படியே போயின. ஞாயிற்றுக்கிழமை சுண்டு வந்தது. நேராக வரவில்லை. குழாயடிக்குப் போவது போல ஒரு வளைவு எடுத்து, பெஞ்சைச் சுற்றி, என்னிடமிருந்து நான்கு காலடியில் நின்று கழுத்தை மட்டும் நீட்டியது. பிஸ்கட் துண்டைக் கொடுத்தேன். பிறகு மிகக் கஷ்டமான வேலையைச் செய்தேன். கழுத்துப் பட்டை என் விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க, "போ" என்றேன்.

அது போகவில்லை. என் வலது கையைப் பார்த்தது. இடது கையைப் பார்த்தது. கயிறு எங்கே என்று தேடுகிறது. பையை முகர்ந்தது. நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "போடா, விளையாடு."

போயிற்று. போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது. இருபத்தெட்டு நாளில் வெளியே அது என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இதைச் சொல்ல நோட்டில் ஏழாவது கட்டம் போட நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்று நாற்பத்தொன்றாம் நாள். ஐந்து தடவை கூப்பிட்டேன். நான்கு தடவை வந்தது. வராத ஒரு தடவைக்குக் காரணம் ஒரு பெரிய வெள்ளை நாய். நாளை அந்த வெள்ளை நாய் வருமா வராதா என்பது என் கையில் இல்லை.

6

இரண்டாம் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். முடிக்காமல் இந்தக் கதை நகராது என்று தெரிந்துவிட்டது.

பாப்பா என்பது எங்கள் மகள். இருபத்தேழு வயது. வேறு ஊரில் வேலை. அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். எனக்கும் அவளுக்கும் கடிதம்தான். போனில் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். முதல் வருடம் ஒழுங்காகப் பதில் போட்டாள். அப்புறம் நின்றுபோனது. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எழுதுகிற எந்தக் கடிதத்துக்கும் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுப்பேன். அலுவலகப் பழக்கம். "பாப்பா – அனுப்பியவை" என்று ஒரு கோப்பு இருக்கிறது. போன வாரம் சுண்டு "போ" கேட்டுத் திரும்பிப் பார்த்த மாலை, வீட்டுக்கு வந்து அதை எடுத்தேன். பதினொரு கடிதம். எல்லாவற்றிலும் கடைசி வரியை மட்டும் படித்தேன். "எப்போது வருகிறாய்? பதில் போடவும்." அதற்கும் இரட்டைக் குறி போட்டிருக்கலாம், அவ்வளவு ஒரே மாதிரி.

அவளுடைய கடைசிக் கடிதத்தில், இந்த வயதில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன், முதல் தடவை முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். என் பதிலின் பிரதி இருக்கிறது: "கடிதம் கிடைத்தது. நீச்சல் உடம்புக்கு நல்லது. எப்போது வருகிறாய்? பதில் போடவும்."

அவள் வீட்டுக்கு வந்த ஒரு தடவை நான் என்ன செய்தேன் என்பதும்—

(எழுதிவிடு.)

—அன்று மாலையே இந்த ஊருக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பத்தை நானே நிரப்பி, கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "பேனா கூடவா எடுத்து வச்சிருக்கீங்கப்பா?" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பகுதியைப் படித்த மனைவி, மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

இன்று மைதானத்திலிருந்து வந்ததும் பன்னிரண்டாவது கடிதத்தை எழுதித் தபாலில் சேர்த்தேன். சுண்டுவின் வெள்ளை நாய் விவகாரத்தை விரிவாக எழுதியிருக்கிறேன். கடைசி வரி: "முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபோது கண்ணை மூடியிருந்தாயா, திறந்திருந்தாயா?" பேனா பழக்கத்தில் அதற்குக் கீழே "எப்போ" வரைக்கும் போய்விட்டது. அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிற மாதிரியே அனுப்பினேன்.

7

முடிவுகள்.

முடிவு ஒன்று: பத்து மணி. காப்பகத்து அம்மா தலையசைக்கிறார். நான் கூப்பிடுகிறேன். சுண்டு தாங்கித் தாங்கி, நேர்க்கோட்டில் ஓடி வருகிறது. அந்த அம்மா படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதே நேரம் வீட்டில் போன் அடிக்கிறது. (அதே நேரம் எதுவும் நடப்பதில்லை. தபால் போய்ச் சேரவே மூன்று நாள் ஆகும்.)

முடிவு இரண்டு: வெள்ளை நாய் வருகிறது. சுண்டு வரவில்லை. காப்பகத்து வண்டியின் கதவு சாத்தப்படுகிறது. உள்ளேயிருந்து பாதிக் காது ஒன்று— (இதற்கு மேல் எழுத முடியாது. எழுதவும் மாட்டேன்.)

"மூணாவது?" என்றாள் மனைவி.

"நாளைக்கு நடக்கப் போறத இன்னைக்கு எப்படி எழுதறது?"

"அப்போ எழுதாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். நாளைக்கு அது வந்துருச்சுன்னா, அந்தம்மா பாக்கறாங்களேங்கிற பயத்துல டக்குனு கயித்த மாட்டிராதீங்க."

8

நாளைய வரிக்கு நோட்டில் கோடு போட்டு வைத்துவிட்டேன். நாள்: 42. நேரம்: பத்து. தூரம்: நாற்பது காலடி. கூப்பிட்டது: ஒரே ஒரு தடவை. ஐந்தாவது கட்டம் காலி. அதை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்தால் தெரியட்டும். ஆறாவது கட்டத்தை மட்டும் இன்றே மையில் எழுதிவிட்டேன்: "'போ' என்றேன்."

இந்த இடத்தில்தான் கதை எழுதுகிறவர்கள் ஒரு முடிவை எடுத்து வாசகருக்கு மாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள் என்று நினைக்கிறேன். என் இரண்டு கையையும் பாருங்கள். ஒன்றும் இல்லை. கூப்பிட்டேன், முகம் தெரியாத ஒரு ஆளை நம்பி இவ்வளவு தூரம் வந்தீர்கள். அதுவே எனக்குப் பெரிது.

போங்கள்.