தொப்பை விழுந்த ஜன்னல்

1

இந்தக் கதை கனடாவின் வின்னிபெக்கில் ஒரு ஹார்டுவேர் கடை வரிசையில் எனக்குக் கிடைத்தது. முன்னால் நின்ற பெண்மணி, ஜன்னலில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள் பெட்டிகளைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். யாரும் எதுவும் கேட்காமலேயே, “பேஸ்மென்ட்ல என் தம்பி படுத்திருக்கான்” என்று கல்லாவில் இருந்தவளிடம் சொன்னார். நிஜம் அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அதனால்தான் பயமாக இருக்கிறது. யாருக்கு என்ன ஆனாலும் பழி என்மேல்தான் விழும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி ஜன்னலின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்த ஒரு ஜனவரியில்…’ [வேண்டாம். இந்த ஊரில் ஜனவரியில் பனி ஏறாத பேஸ்மென்ட் ஜன்னல் எது?]

அடுத்து: ‘லெஸ்யாவுக்குத் தம்பிமேல் கொள்ளைப் பிரியம்…’ [இதுவும் வேண்டாம். அவளிடம் காட்டினால் அவளே அடித்துவிடுவாள்.]

மூன்றாவது: ‘லெஸ்யா மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள்.’

இது இருக்கட்டும்.

2

லெஸ்யா மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள். ஜன்னல் விளிம்போரம் சுடரை மெல்ல நகர்த்தினால், அது எங்கே தலையாட்டுகிறதோ அங்கே சந்து இருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. தரைக்குக் கீழே இருந்த அந்த பேஸ்மென்ட் அறையில், கூரையை ஒட்டி இருந்த இரண்டு சின்ன ஜன்னல்களிலும் சந்து சந்தாகப் பசையை அழுத்தினாள். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஹேர் டிரையரால் சூடு காட்டினாள். சுருக்கமெல்லாம் போய், தாள் மேளத்தோல் போல விறைத்தது.

கட்டிலில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான் தம்பி ஓரெஸ்ட்.

“குளிருதாடா?”

“இல்லக்கா.”

“அப்புறம் வீட்டுக்குள்ள எதுக்குத் தொப்பி?”

“வழுக்கைய மறைக்கத்தான். உனக்கு வேற வேலையில்ல.”

சரியான கல்லுளிமங்கன். மனைவி இறந்தபின் ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். யாருக்காவது தொந்தரவாக இருக்கிறோம் என்று தோன்றினால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவது அவன் சுபாவம். இங்கிருந்தும் அப்படிப் போய்விடுவானோ என்பதுதான் லெஸ்யாவின் கவலை. காற்றை நிறுத்திவிட்டால் தம்பியை நிறுத்திவிடலாம் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.*

* ஓரெஸ்டை முதலில் குடிகாரனாக எழுதியிருந்தேன். குடிகாரனுக்கு எது நடந்தாலும் ‘சரிதான்’ என்று நீங்கள் அடுத்த பக்கம் புரட்டிவிடுவீர்கள். அதனால் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன்.

3

ஜன்னல்களை அடைத்தாயிற்று. ஆனாலும் தரையோடு தரையாக ஒரு குளிர் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. லெஸ்யா ஓயவில்லை. வலிக்கிற முழங்காலோடு முக்காலியில் ஏறுவாள், மெழுகுவர்த்தியைப் பிடிப்பாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். ஓரெஸ்டுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தன்னால்தானே இந்தப் பாடு என்று அவனுக்கு உறுத்தியது. அவள் மாதா கோவிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குளிர் வருகிற வழியை அவனே தேடிப் போனான்.

வழி கிடைத்தது. ஃபர்னஸுக்குப் பின்னால், வெளிச்சுவரிலிருந்து ஒரு தடித்த குழாய் இறங்கி, ஒரு பழைய வாளிக்குள் வாய் வைத்திருந்தது. அதிலிருந்துதான் காற்று கொட்டியது.

இந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே என்றைக்காவது அந்தக் குழாயைப் பார்த்து, ‘எந்த மடையன் சுவரில் ஓட்டை போட்டான்?’ என்று கேட்டிருப்பார்கள். மடையன் போட்டதல்ல. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வெந்நீர்த் தொட்டியும் எரிய அந்த வழியாகத்தான் காற்று வரவேண்டும். வராவிட்டால், புகைபோக்கியில் மேலே போகவேண்டிய விஷக்காற்று வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

ஓரெஸ்ட் தன் நீல ஸ்வெட்டரைச் சுருட்டி அந்தக் குழாயின் வாயில் திணித்தான்.

[இங்கே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் ஸ்வெட்டர் அங்கேயேதான் இருந்தது.]

லெஸ்யா வந்ததும் தரையில் கால் வைத்துப் பார்த்தாள். குளிர் இல்லை. குழாயைப் பற்றித் தம்பி மூச்சு விடவில்லை. ஜெயித்தது அக்காவின் கையாகவே இருக்கட்டும் என்று நினைத்தான்.

“உன் ஜன்னல்தான்க்கா. ஒரு பொட்டுக் காத்து வரல” என்றான்.

வந்த நாளிலிருந்து அவன் அவளுக்காகச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

4

மறுநாள், லெஸ்யா போன்ற உக்ரைன்காரர்கள் ஜனவரியில் கொண்டாடுகிற கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை விரதம். அதன்பின் பன்னிரண்டு பதார்த்தங்களோடு சாப்பாடு. காலையிலிருந்து லெஸ்யா வெங்காயம் வதக்கினாள், பெரோகி என்கிற கொழுக்கட்டை பிடித்தாள், முட்டைக்கோஸ் இலைகளைச் சுருட்டினாள். அடுப்புக்கு மேல் விசிறி நிற்காமல் ஓடி, வீட்டுக் காற்றையெல்லாம் வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

நடுவில் ஒருமுறை கீழே போனாள். ஜன்னல் தாள் அறைக்குள் பிதுங்கி, தொப்பை போட்டிருந்தது. காற்றுக்குத் தவித்த வீடு கிடைத்த சந்திலெல்லாம் உறிஞ்சியது. அந்த ஜன்னல் தன்னால் முடிந்தவரை கத்திப் பார்த்தது என்றே நான் நினைக்கிறேன். அவள் அதை வேறுவிதமாகப் படித்தாள். ஒட்டு இளகிவிட்டது என்று சுற்றிலும் இன்னொரு வரிசை டேப் ஒட்டினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாள். நான் என்ன செய்ய?

ஓரெஸ்ட் பகலிலும் படுத்தே கிடந்தான்.

“தல வலிக்குதுக்கா.”

“எனக்குந்தான் வலிக்குது. வயிறு காஞ்சா தல வலிக்காம என்ன பண்ணும்? நட்சத்திரம் வரட்டும், ஒரு கரண்டி சூப் உள்ள போனா சரியாயிரும். படு.”

அவன் திரும்பிப் படுத்தான். வந்ததிலிருந்து சரியாகத் தூங்காத தம்பி இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்குகிறான் என்று அவள் சந்தோஷமாக மாடிப்படி ஏறினாள்.

5

ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். முதல் பிரதியில் அந்தச் சுவரில் விஷக்காற்று அலாரம் ஒன்று இருந்தது. அது கத்தினால் கதை மூன்றாம் பகுதியிலேயே முடிந்துவிடும் என்று நான்தான் எடுத்தேன். இப்போது திரும்ப மாட்டப் பார்க்கிறேன்:

‘சுவரிலிருந்த அலாரம் சட்டென்று…’

‘லெஸ்யா போன வாரம் வாங்கி மறந்துபோயிருந்த அந்தச் சின்ன…’

நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே நம்பவில்லை.

வேறு முடிவுகளும் இருந்தன. ஒன்றில், பக்கத்து வீட்டுக்காரர் கேக்கோடு வந்து, மூக்கை உறிஞ்சி, எல்லாரையும் காப்பாற்றுகிறார். வாசனையே இல்லாததை எந்த மூக்கால் கண்டுபிடித்தார்? இன்னொன்றில், லெஸ்யா நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியை எழுப்பக் கீழே போகிறாள். அதற்குமேல் நான் எழுதவில்லை.

6

வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. லெஸ்யா மெழுகுவர்த்தியோடு கீழே போனாள். நட்சத்திரத்துக்கு முன் தொப்பையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று. கடைசிப் படியில் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெந்நீர்த் தொட்டியைத் தாண்டும்போது சுடர் சாய்ந்தது. புகைபோக்கி ஆரம்பிக்கிற இடத்தில் சுடர் அதன் உள்பக்கம்தான் சாயவேண்டும். இது அவள் முகத்தை நோக்கிச் சாய்ந்தது.

“இங்கயும் ஒரு சந்து” என்று முணுமுணுத்தபடி, பசை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவினாள்.

இங்கே நிறுத்திவிட்டேன். அடுத்த வாக்கியம் என் கைக்கு வரமாட்டேன் என்கிறது. நான் எழுதினால் அவள் பசையைத்தான் எடுப்பாள், அவளை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

நீங்கள் அவளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். உங்கள் வலதுகைப் பக்கம் வாளி இருக்கிறது. அதன் விளிம்பில் ஸ்வெட்டரின் நீலக் கை ஒன்று தொங்குகிறது பாருங்கள், அதைப் பிடித்து இழுங்கள். காலில் குளிர் கொட்டும், கொட்டட்டும். கட்டிலில் இருப்பவனை எழுப்பி, இரண்டு பேரையும் வாசலுக்கு, பனிக்குள் கொண்டுபோங்கள். ‘என் ஜன்னலை என்ன பண்ணினீங்க?’ என்று அவள் சண்டைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே மேஜை தயாராக இருக்கிறது. இறந்துபோனவர்களுக்கென்று ஒரு தட்டு வைப்பது அவர்கள் வழக்கம். இந்த வருஷம் அது ஓரெஸ்டின் மனைவிக்கு. லெஸ்யா துடைத்து வைத்துவிட்டுத்தான் கீழே வந்தாள்.

அந்த ஒரு தட்டு போதும்.