கணக்குப் படிக்க ஒரு கடன்

என் அண்ணனுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் பிடிப்பார், பிறகு அறிவுரையை ஆரம்பிப்பார். இன்ஷூரன்ஸ் விற்றுப் பழகிய வாய். அன்று மாலை என் மகளின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்காக அவரை வரச் சொல்லியிருந்தேன். நான் பஸ் ஓட்டுகிறவள். கணவர் போன பிறகு என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அதை மட்டும் நம்பி வங்கி கடன் தருமா என்று எனக்கே சந்தேகம்.

மகளுக்கு இரண்டு படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று கம்ப்யூட்டர், மற்றது கணிதம். அவளுக்குக் கணிதம்தான் உயிர். சாப்பிடும்போதுகூட இடது கை விரல் மேஜையில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும்.

"கணக்குப் படிச்சிட்டு என்ன பண்ணப் போற? கல்லாப்பெட்டில உட்காரப் போறியா?" என்றார் அண்ணன்.

"அதையும் போட்டுப் பாத்துட்டேன் மாமா," என்று ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள்.

இரண்டு படிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கட்டணம், வட்டி, மாதத் தவணை, வேலை கிடைத்தால் வரும் சம்பளம். ஊர் மெச்சுகிற பெரிய சம்பளங்களை விட்டுவிட்டு, நடுவாந்தரமானவர்கள் வாங்குவதைத்தான் எடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் படித்தால் கடன் சீக்கிரம் அடைகிறது. கணிதம் படித்தால் முதல் இரண்டு வருஷம் வாடகை, சாப்பாடு, தவணை எல்லாம் போக மாதாமாதம் துண்டு விழுகிறது. அதன் கீழே சிவப்பு மையில் கோடு வேறு.

அண்ணனுக்குப் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. "இவளே ஒத்துக்கிட்டா பாரு! துண்டு விழற படிப்புக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? கம்ப்யூட்டர்னா சொல்லு, இப்பவே போடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, இவள் மேல். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் குடியா முழுகிவிடும்?

"பாத்துப் போடக் கூடாதாடி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கூட்டிப் போட்டா தவணை குறையுமாம்மா? அத நாமதானே கட்டணும்," என்றாள்.

உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆசைப்பட்ட படிப்பே கையை விட்டுப் போகும் என்று தெரிந்தும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவள் வயதில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அண்ணனுக்கு இந்த வயதிலும் இல்லை.

தாளை எடுத்து நானும் பார்த்தேன். வருமானம் என்று போட்டிருந்த இடத்தில் சம்பளம் மட்டும்தான் இருந்தது.

"டியூஷன் காசு எங்கடி?"

இரண்டு வருஷமாக அவள் சொல்லித்தருகிறாள். எதிர்க் கட்டடத்துப் பிள்ளைகள், பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு நர்ஸம்மா. சாயங்காலமானால் எங்கள் சமையலறை மேஜையில் எனக்குக் காய் நறுக்கக்கூட இடம் கிடைக்காது.

"நீதானேம்மா அத வருமானத்துல சேக்கக் கூடாதுன்ன?"

சொன்னேன்தான். முதல் மாதக் காசை அவள் நீட்டியபோது கையால்கூடத் தொடவில்லை. பெண்ணைச் சம்பாதிக்க விட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே. அது உன் கைச்செலவுக்கு, வீட்டுக் கணக்கில் வரவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அந்தச் சட்டத்தை இவள் வங்கிக்குக் கொண்டுபோகிற தாள் வரைக்கும் இழுத்திருக்கிறாள்! என் ரோஷம் இவள் படிப்புக்கே குழி தோண்டிக்கொண்டிருந்தது.

"வேலைக்குப் போன பிறகும் சாயங்காலம் சொல்லித்தருவியா?"

"அத எப்படிம்மா விடுவேன்?"

"அப்ப சேத்துப் போடு."

போட்டாள். துண்டு முக்கால்வாசி மறைந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னும் இடிக்குதே," என்றார்.

"அது என் பங்கு. லீவு நாள்ல ஒரு டிரிப் கூட ஓட்டினா தீந்துச்சு. நீங்க டீயக் குடிங்கண்ணா, ஆறிடப் போகுது."

மறுநாள் வங்கியில் இருந்த அதிகாரி என் சம்பளச் சீட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க சம்பளம் மட்டும்னா கொஞ்சம் இழுக்குதும்மா. இவங்க மாணவிதானே, வருமானம் இல்லைன்னு போட்டுடறேன்."

மகள் சரி என்று தலையாட்டப் போனாள்.

"இல்ல சார், இருக்கு," என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "என் பொண்ணு சம்பாதிக்கிறா. கணக்குச் சொல்லித்தரா. காசு அவ கணக்குலதான் விழுது, பாத்துப் போடுங்க."

அவர் பார்த்தார், தட்டினார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இப்ப வருது. ஜாமீனுக்கு நீங்க ஒருத்தரே போதும்," என்றவர் மகளின் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இதுல ரெண்டு படிப்பு இருக்கே, எதுன்னு போடட்டும்?"

அதை மட்டும் அவளையே சொல்ல விட்டேன்.