ஒரு தொழிற்சாலையின் மோட்டார்

1997இல் கோவையில் ஒரு மோட்டார் கம்பெனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழில்நுட்ப இதழ் வெளியிட்டது. வழவழப்பான தாள், நீல அட்டை. அறிவைப் பகிர்வது எங்கள் கடமை என்று முதலாளி கிருபாசங்கர் முதல் பக்கத்தில் எழுதுவார். இதழ் போனதெல்லாம் பொறியியல் கல்லூரிகளுக்கு. மோட்டார் வாங்கிய விவசாயி அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

சோதனைக்கூடப் பொறியாளர் பொற்கொடி அதற்கு ஒரு கட்டுரை கொடுத்தாள். மணல் ஏறும் போர்வெல்களில் கம்பெனி மோட்டாரின் ரப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் உள்ளே இறங்கி, உள்ளே சுற்றிய செம்புக் கம்பிக் காயில் எரிந்துவிடுகிறது. விற்ற மோட்டார்களில் கோடைக்கு முன் சீல் மாற்றியாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிருபாசங்கர் படித்துவிட்டு மகிழ்ந்தார்.

"அருமையா எழுதியிருக்கறீங்க அம்மணி. 'நம் மோட்டார்'ங்கறத மட்டும் 'ஒரு தொழிற்சாலையின் மோட்டார்'னு மாத்திக்கலாம்."

"அப்பறம் சீல் யாருங்க சார் மாத்துவாங்க?"

"சீல் மாத்தறதுக்கா புக்கு போடறோம்? கெட்டிக்காரப் பசங்க படிச்சுப்போட்டு நம்மகிட்ட வேலைக்கு வரோணும். டீலருக்குத் தனியா சொல்லிக்கலாமுங்க."

டீலர் யாருக்கும் சொல்லவில்லை. கட்டுரை அவள் படத்தோடு வந்தது.

மே மாதம் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கிருபாசங்கரும் பொற்கொடியும் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தார்கள். அன்னூரிலிருந்து வந்த அருண்குமார் நீல இதழை மடியில் வைத்திருந்தான்.

"மேடம் கட்டுரையப் படிச்சுத்தானுங்க வந்தேன். எவனோ மட்டமான மோட்டார வித்துருக்கான், நீங்க புட்டுப்புட்டு வெச்சுட்டீங்க. எங்க தோட்டத்துல உங்க மோட்டாருதானுங்க. அதும் எரிஞ்சுபோச்சு, வாழை பூராக் காஞ்சுபோச்சு. வோல்டேஜ் பாக்காம போட்டுட்டாருன்னு எங்கப்பாவ வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன்."

"உங்க போர்ல மணல் ஏறுமா?" என்றாள் பொற்கொடி.

"ஏறுமுங்க."

"அதுல எழுதியிருக்கறது இந்தக் கம்பெனி மோட்டாருங்க."

கிருபாசங்கர் பேனாவை மூடினார். அருண்குமார் இதழைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"எப்பங்க சார் ஜாயின் பண்ணோணும்?"

"திங்கக்கெழமை வந்துருங்க தம்பி."

அடுத்த இதழின் பின்னட்டையில் அருண்குமார் சிரித்தான். இந்த இதழ்தான் தன்னை இங்கே கொண்டுவந்தது என்று படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தார்கள். அன்னூரில் அவன் அப்பாவின் மோட்டாரை மட்டும் கம்பெனி செலவில் புதுக் காயில் கட்டி, புது சீல் போட்டுக் கொடுத்தார்கள். பொற்கொடியின் கட்டுரையால் மாறிய சீல் அது ஒன்றுதான்.