முருகையன் பெயரில் நின்ற வரி

கைப்பேசி அடித்தபோது முருகையன் சேதராப்பட்டுக்கு லோடு ஏற்றப் போவதற்காகச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேசியது மருமகன் செல்வகுமார். கம்பெனி வேலையாகச் சென்னையில் தங்கியிருக்கிறவர். காலையில் கூப்பிடுகிற ஆளில்லை.

"ஒண்ணுமில்ல மாமா, பயந்துடாதீங்க. பொங்கலுக்குத் தண்ணி காய வெக்கிற ஹீட்டர் ராடு வாங்கி அனுப்புனேன்ல? அதப் பத்தி நீங்க இன்டர்நெட்ல எழுதியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா!"

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான் முருகையன்.

பெண் வீட்டிலிருந்துதான் எல்லாச் சீரும் போகும். மாப்பிள்ளை கையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் பொருள் அந்த ராடு. அவன் மனைவி ஆதிலட்சுமி அதை அண்டாவில் போட்டு, சூடு பார்க்கக் கையை விட்டவள், சுவரில் போய் மோதி விழுந்தாள். பொழுது சாயும் வரை கை மரத்துக் கிடந்தது. அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே புருஷனை மிரட்டினாள்: "மாப்ள ஆசையா குடுத்தது. ஷாக் அடிக்குதுன்னு சொன்னா அவுரு மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? வாயத் தொறந்த, பாத்துக்க."

முருகையன் வாயைத் திறக்கவில்லை. ராடைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டான். ஆனாலும் மனசு அறுத்தது. மாப்பிள்ளையிடம்தானே சொல்லக்கூடாது, விற்றவனிடம் சொல்லலாமே? அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாரம் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனான். தன் கையால் தாளில் எழுதிக் கொடுத்தான். அங்கிருந்த பெண் அப்படியே அடித்து, விற்ற கம்பெனியின் இணையப் பக்கத்தில் வாங்கினவர்கள் கருத்துச் சொல்லும் இடத்தில் ஏற்றினாள். நாற்பது வயதுக்குமேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன் அவன். எழுதிக் கொடுத்தால் எழுதியது எழுதியபடி நிற்கும் என்று நம்பினான்.

"அது வந்து மாப்ள... தப்பா நெனைக்காதீங்க..."

"தப்பா? உங்க பேரப் பாத்ததும்தான் நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிட்டேன். நேத்து வந்துச்சு. கொழந்தைக்குத் தண்ணி ஊத்தணும்னு குழலி இப்பதான் அண்டாவுல போட்டாளாம்."

முருகையன் கையிலிருந்த துணி நழுவியது. "மாப்ள, நான் இன்னா எழுதியிருக்கேன்? படிங்க."

"'தண்ணி சீக்கிரம் சூடாவுது. முருகையன், சாரம், புதுச்சேரி.'"

"அதுக்கப்புறம்?"

"அவ்ளோதான் மாமா."

'ஆனா ஷாக் அடிக்குது. என் சம்சாரத்துக்குக் கை மரத்துப் போச்சு. யாரும் வாங்காதீங்க.' இவ்வளவும் எழுதியிருந்தானே. விற்றவர்கள் முதல் வரியை மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். கீழே அவன் பெயரை மட்டும் பத்திரமாக விட்டிருக்கிறார்கள்.

மருமகனிடம் பதில்கூடச் சொல்லாமல் இணைப்பை வெட்டி, மகள் கார்குழலியைக் கூப்பிட்டான். மணி போனது. எடுப்பாரில்லை. மறுபடியும் போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது.

சைக்கிளில் ஏறினான். இந்திரா காந்தி சிலை சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தும் நிற்காமல் புகுந்தான். பஸ்காரன் ஒருவன், "வூட்ல சொல்லிட்டு வந்தியா பெருசு?" என்று கத்தினான். முருகையன் திரும்பவில்லை. கார்குழலியும் அம்மாவைப் போலத்தான், சூடு பார்க்க முழங்கை வரை விட்டுத் துழாவுவாள். எத்தனை தரம் பார்த்திருக்கிறான். அந்தக் கை அவன் கண்ணுக்குள் தண்ணீரை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. மிதிக்க மிதிக்க விழுப்புரம் ரோடு நீண்டது.

ரெட்டியார்பாளையத்தில் மகள் வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. கூடத்தில் எண்ணெய் தேய்த்த குழந்தை பாயில் கால் உதைத்தபடி கிடந்தது, பக்கத்தில் யாருமில்லை. அவன் உள்ளே ஓடினான்.

பின்கட்டில் அண்டாவிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கார்குழலி வளையலை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தாள்.

"கைய வுடாத!"

அந்த அலறலில் அவள் பின்னால் சாய்ந்து ஈரத்தில் உட்கார்ந்தேவிட்டாள். அவன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். கூடத்தில் குழந்தை வீறிட்டது.

"இன்னாப்பா, பேயக் கண்டமாரி ஓடியார! புள்ள எப்பிடி அழுவுது பாரு!"

மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தான். அவளுக்குக் கோபம் வந்தது.

"ஊரு பேரு தெரியாத கடைக்காரங்கிட்ட எழுதிக் குடுத்திருக்க, எங்கிட்டச் சொல்லல? இன்னும் கொஞ்சம் விட்டா என் படத்துக்கு மாலை போட்டிருப்ப, அப்பயும் உன் மாப்ள மனசு கோணக் கூடாது, இல்ல?"

அந்த நேரம் செல்வகுமாரே மறுபடி கூப்பிட்டார். இந்த முறை முருகையன் மறைக்கவில்லை. ஷாக் அடித்ததையும் மிச்ச வரிகள் வெட்டுப்பட்டதையும் சொன்னான்.

"என் பேர மொதல்ல எடுக்கச் சொல்லுங்க மாப்ள."

"வித்தவங்க எடுத்தாத்தான் உண்டு மாமா. ஆனா..." அவர் குரல் இறங்கியது. "எங்க ஆபீஸ் நிர்மலா மேடமும் வாங்கிட்டாங்க. எங்க மாமாவே எழுதியிருக்காருன்னு நான்தான் காட்டினேன்."

"போன வெச்சிட்டு அவுங்களுக்குப் போடுங்க. இப்பவே போடுங்க!"

இணைப்பு அறுந்தது. கார்குழலி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எண்ணெய் காய்கிறது, குளிப்பாட்ட வேண்டும். அண்டாவில் தண்ணீர் பதமாகத்தான் இருக்கும். பிளக் தரையில் கிடப்பது இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்தத் தண்ணீரில் கை வைக்க இருவருக்கும் துணிவு வரவில்லை.

மாப்பிள்ளை திரும்பக் கூப்பிடுவார் என்று முருகையன் உள்ளங்கையில் கைப்பேசியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அது இன்னும் அடிக்கவில்லை.