கூடாரக் கம்பி

அலனுக்கு மனைவியைவிட மலைதான் பிடிக்கும் என்று பாக்கார் ஆராங் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். வனேசாவுக்கும் தெரியும், கட்டிக்கொண்ட பாவத்துக்கு அதை நம்பாமல் இருந்தாள். சனிக்கிழமை விடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் தனியாகப் போய், "அவர் மலைக்குப் போயிருக்கார்" என்று கேட்டவர்களிடம் பல்லைக் காட்டிவிட்டு வருவாள். இந்தத் தடவை பொறுக்க மாட்டாமல், நானும் வருகிறேன் என்று நின்றாள். ஒரு கூடாரத்துக்குள் ஒரு ராத்திரி அவனோடு இருந்தால், வீட்டில் பேசாததையெல்லாம் பேசிவிடலாம் என்று ஓர் ஆசை.

அவன் மறுக்கவில்லை. அதற்கே அவள் உச்சி குளிர்ந்து போனாள். சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு அவன் பாடம் நடத்தினான். அட்டை கடித்தால் பிடுங்காதே, உப்புத் தண்ணீரைத் தெளி. காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிடு. மாற்றுத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டு. பிறகு கூடாரத்தைப் பங்கிட்டான்: துணி அவன் பைக்கு, கம்பிகள் அவள் பைக்கு. ஜோடியாகப் போகிறவர்கள் அப்படித்தான் சுமப்பார்களாம். ஜோடி என்ற சொல்லை அவன் வாயால் கேட்டதில், கம்பியின் கனம் அவளுக்குத் தெரியவே இல்லை.

"இன்னொண்ணு. காட்டுக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பந்தாங், ஆகாது. பாஸ்னு கூப்பிடு, இல்லன்னா விசில் ஊது. நடக்க முடியலயா, இருந்த இடத்துலயே உக்காந்து மூணு தடவ ஊது. நான் வர்றேன்."

"பேர் சொன்னா என்ன ஆகும்?"

"வேற ஏதாச்சும் திரும்பிப் பாக்கும்லா."

பேய் பிசாசையெல்லாம் அவள் நம்புகிறவள் இல்லை. அவன் சொல்லிவிட்டானே என்று தலையாட்டினாள்.

ஜெராய் மலையில் ஆற்றைத் தாண்டும்போதே கல் வழுக்கி அவளுக்கு முட்டி இடித்துவிட்டது. கூட வந்திருந்த அலனின் கூட்டாளி ஹெர்பர்ட் நின்றான். "நான் கூட வரட்டா, அண்ணி?"

"அவ வருவா, நீ நட. மழைக்கு முன்ன கேம்ப் போடணும்" என்று அலன் அவனைத் தள்ளிக்கொண்டு போனான். "செவப்பு ரிப்பன பாத்து மெதுவா வா" என்று அவளுக்கும் ஒரு வார்த்தை போட்டான். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். பெயர் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் நொண்டினாள். முட்டி வீங்கி மடங்க மறுத்தது. ரிப்பன் கட்டிய மரத்தடியில் உட்கார்ந்து மூன்று தடவை ஊதினாள். மேலிருந்து பதில் விசில் வந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

யாரும் வரவில்லை. மழைதான் வந்தது. உதடு மரத்துப்போகும் வரை ஊதினாள். கணுக்காலில் ஏறிய அட்டைக்கு உப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் மழைக்கோட்டோடு அவன் இறங்கி வருவது தெரிந்தது. என்ன இருந்தாலும் புருஷன், வந்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கம்பி எங்க?" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"டெண்டு கம்பி. உன் பேக்லதானே இருக்கு? மேல எல்லாம் நனையுது."

அவளே திறப்பதற்குள் பையைத் திறந்து கம்பிக் கட்டை உருவினான். முட்டியைப் பார்க்கவில்லை.

"விசில் கேக்கலையா?"

"கேட்டுச்சு. பதிலுக்கு ஊதினேன்லா. ரெஸ்ட் எடுத்துட்டு வருவன்னு நெனச்சேன். ரிப்பன் இருக்கு, பாத்து வா."

ஏறத் தொடங்கிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிடாதவள், காடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அலன்."

வெடுக்கென்று திரும்பினான். "பேர் சொல்லாதேன்னு சொன்னேன்ல?"

"நான் கீழ இறங்குறேன்."

அவன் மழையைப் பார்த்தான், மேலே போகும் பாதையைப் பார்த்தான். தனியாவா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவள் தவழ்ந்தாவது மேலே வந்திருப்பாள். வெட்கங்கெட்ட மனசு அதற்கும் காத்துக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப மேகியும் சார்டினும் குடுத்துட்டுப் போ. எல்லாம் உன்கிட்டதான் இருக்கு."

எடுத்துக் கொடுத்தாள். கனமில்லாத பையோடு, மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே இறங்கினாள். மேலே விசில் சத்தம் கேட்டது. அது தனக்காக இருக்காது என்று இப்போது அவள் நம்பினாள்.