இடப்பக்கம் திரும்பினால் கத்தும் வண்டி

நான்காவது திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தது, கழலவில்லை. ஆவுடையப்பன் பிக்கப்பின் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துத் திருகிக்கொண்டிருந்தான். கால்கள் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தன. வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில், பிணவறைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே அவன் அக்கா செல்லக்கனியின் புருஷன் வேல்சாமியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பத்தே கால்.

"ஏலே, இத இங்கன வச்சுத்தான் கழட்டணுமாக்கும்?" என்றான் சுந்தரபாண்டியன். தளவாய்புரம் ஸ்டாண்டில் வேல்சாமியோடு வண்டி போட்டிருந்தவன். பிரேதத்தை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போக வந்திருந்தான். "பேசாம ஒரு வேனப் பிடிச்சிருக்கலாம்."

"அக்கா இந்த வண்டிதான் வேணும்ங்கா."

"வேணும்னா? இடப்பக்கம் ஒடிச்சா ஆரன் கத்தும், வைப்பர் ஆடும். அண்ணாச்சியப் பின்னால படுக்க வச்சுக்கிட்டு அப்படிப் போனா, கல்யாண வண்டின்னுல்லா நெனப்பானுவ."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அதற்காகத்தான் பழைய ரிலே பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மச்சானின் வண்டிக்குப் பதினாறு வயது. விளக்கு, ஆரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புகிற ரிலே பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துவிட்டது. ஒன்றுக்குப் போக வேண்டிய கரண்டு இன்னொன்றுக்குப் போனது. வேல்சாமி அதற்கும் பழகிக்கொண்டார். இடப்பக்கம் திரும்புகிற இடத்தில் எதிரே வருகிறவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருப்புவார்.

மதுரையிலிருந்து புதுப் பெட்டி வந்து பத்து நாளாகிறது. ராஜபாளையத்தில் ஆவுடையப்பனின் ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் பிரிக்காமல் கிடந்தது. ஆடி மாதத்தில் வண்டியில் புதிதாக எதையும் மாட்டக்கூடாது என்று செல்லக்கனிதான் சொன்னாள். "ஆடி கழியட்டும்ல. ஒண்ணாந்தேதி சூடங் காட்டி மாட்டு." மச்சான் சரி என்றார். இவனும் சரி என்றான்.

ஆடிப்பூரத்தன்று, தேர் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் வண்டியைத் திருப்பும்போது ஆரன் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. போலீஸ்காரர் வந்து பானட்டைத் தட்டினார். மறுநாள் மச்சான் கடைக்கு வந்துவிட்டார்.

"மாப்ளே, மானம் போகுது. அத ஊமையாக்கி விடு. ஆவணி வரைக்கும் நான் வாயாலயே கத்திக்கிடுதேன்."

ஆவுடையப்பன் ஆரன் வயரை உருவி, முனையில் சிவப்பு டேப்பைச் சுற்றி உள்ளே சொருகினான். இரண்டு நிமிட வேலை. மச்சான் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஆயிற்று ஐந்து நாள்.

நேற்று அய்யனார் கோவில் ரோட்டில் ஒரு தோப்புக்குத் தேங்காய் ஏற்றப் போயிருந்தார். நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லி கேபினில் உட்கார்ந்தார். ஆட்கள் சாப்பிடப் போனார்கள். வந்து பார்த்தபோது ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார், உடம்பு சில்லிட்டிருந்தது. பக்கத்துத் தோப்பில் அய்யம்மாள் என்கிறவள் புல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு சத்தம் கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று போலீசிடமும் சொன்னாள், வந்தவர் போனவரிடமும் சொன்னாள்.

"சும்மா கெடக்கையில கத்துன ஆரன், வேணுங்கற நேரத்துல கத்தல பாத்தியா," என்றான் சுந்தரபாண்டியன்.

திருகாணி கழன்றது. ஆவுடையப்பன் அதையும் வாயில் போட்டுக்கொண்டான். இப்போது வாயில் நான்கு திருகாணிகள். பதில் சொல்ல வேண்டியதில்லை.

சுந்தரபாண்டியன் டீ குடிக்கப் போனான். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பக்கத்தில் செல்லக்கனியின் கால்கள் தெரிந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஏதும் குடிச்சியால?"

இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் சீட்டிலிருந்த, புது ரிலே வந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆடி இன்னும் மூணு நாள் கெடக்கு."

அவன் திருகாணிகளைக் கையில் துப்பினான். "போட வேண்டாமாக்கா?"

"போடு."

புதுப் பெட்டியை வைத்து முறுக்கினான். வயர்களை நிறம் பார்த்து ஒவ்வொன்றாகச் சொருகினான். அவள் போகவில்லை. கதவைப் பிடித்துக் குனிந்து நின்றாள். கடைசியில் சிவப்பு டேப் சுற்றிய வயர்தான் மிச்சம் இருந்தது. டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் கிள்ளினான். வரவில்லை.

"அக்கா, இந்த ஆரன் வயர..."

"தெரியும்ல. மாப்ள ஊமையாக்கிட்டான்னு அவிய அன்னைக்கே வந்து சொல்லிச் சிரிச்சாக." அவள் அட்டைப்பெட்டியின் மூடியை மடக்கினாள், பிரித்தாள். "முக்குல ரெண்டு தடவ ஆரன் கேட்டா அடுப்புல தோசக்கல்லப் போடுவேன். அஞ்சு நாளா வாசல்ல வந்து நின்ன பொறவுதான் வந்ததே தெரியும்."

டேப் பிரிந்தது. அவன் விரலில் ஒட்டிக்கொண்டது.

"நேத்து அமுக்கிப் பாத்திருப்பாகளோல?"

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்தான். ஸ்டியரிங் அவன் முகத்துக்கு நேரே இருந்தது. வண்டி முழுக்கத் தேங்காய் நார்த் தூசி படிந்திருந்தது. ஸ்டியரிங் நடுவில் ஆரன் மூடியில் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் தூசி இல்லை. காலையில் வண்டியில் ஏறும்போதே அதைப் பார்த்திருந்தான். சாய்ந்ததில் நெஞ்சு பட்டும் இருக்கலாம்.

"இல்லக்கா. ஒறக்கத்துலயே போயிட்டாக. டாக்டர் சொன்னாரு."

டாக்டர் இன்னும் வெளியே வரவில்லை. செல்லக்கனி பிணவறைக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியே இருந்தது.

"சரி," என்றாள். அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

அவன் கடைசி வயரையும் சொருகிவிட்டு, வேஸ்ட் துணியால் ஸ்டியரிங்கைத் துடைத்தான். முதலில் மூடியை, அப்புறம் வளையத்தை, அப்புறம் டேஷ்போர்டு பூராவையும். விளக்கைப் போட்டுப் பார்த்தான், எரிந்தது. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டான். இண்டிகேட்டர் மட்டும் எரிந்தது, வைப்பர் அசையவில்லை. ஆரனை அமுக்கிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தார்கள். பின்னால் வைக்கோலைப் பரப்பி, பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். செல்லக்கனியும் சொந்தக்காரப் பெண்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுந்தரபாண்டியன் ஓட்டினான். ஆவுடையப்பன் கேபினில் அவன் பக்கத்தில் இருந்தான். ராஜபாளையம் பஜாரில் நெரிசல். சுந்தரபாண்டியன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கதவைத் தட்டித் தட்டியே வழி கேட்டுப் போனான். ஆரன் சரியாகிவிட்டதா என்று அவன் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை.

தளவாய்புரத்தில் தெரு முக்கு வந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். சுந்தரபாண்டியன் இண்டிகேட்டரைப் போட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒடித்தான். வண்டி சத்தமில்லாமல் திரும்பியது.

"பரவால்லியே," என்றான்.

அப்போது பின்னாலிருந்து கேபின் தகரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

"போகத்தான செய்யுதேன்," என்று சுந்தரபாண்டியன் கியரை மாற்றினான்.

மறுபடியும் இரண்டு தட்டு. பின் கண்ணாடியில் அக்காவின் கை தெரிந்தது.

ஆவுடையப்பன் குறுக்கே கையை நீட்டி ஆரன் மூடியை அமுக்கினான். ஆரன் கத்தியது. விட்டு, இன்னொரு தடவை அமுக்கினான்.

தெருக் கடைசியில், பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.