கிச்சடி ஸ்டிக்

“நீ இதை ஒரு தடவையாவது அடிச்சுப் பாத்திருக்கியா?” என்று ஒரு வாடிக்கையாளர் பானுமதியைக் கேட்டு நான்கு வருஷம் இருக்கும். கேட்டவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவருடைய கோல்ஃப் ஸ்டிக்கில் தேய்ந்துபோன ரப்பர் பிடியை அறுத்தெடுத்துவிட்டு, அவள் புதுப்பிடி ஏற்றிக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவர் போன பிறகு யோசித்தால் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஆயிரம் ஸ்டிக்காவது அவள் கைபட்டுப் போயிருக்கும். ஒன்றைக்கூட வீசிப் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் வீசிப் பார்த்தாள். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு தடவை வீசினாள். தரையோடு உருண்டுபோய் நாற்பது கஜத்தில் நின்றது. அதற்கப்புறம் எத்தனையோ மத்தியானங்கள் வீசியாயிற்று. அவள் பந்து உருளும், எழும்பாது.

மும்பை செம்பூரில் லால்வானி சேட்டுக்கு முன்பக்கம் கோல்ஃப் சாமான் கடை, பின்பக்கம் வலை கட்டிய நீள மைதானம். ஆபீஸ் போகிறவர்கள் காலையிலும் சாயங்காலத்திலும் வந்து அங்கே பந்தடித்துப் பழகுவார்கள். பந்து பொறுக்குவது, ஸ்டிக் துடைப்பது, பிடி மாற்றுவது என்று பானுமதிக்கு அந்த வெயிலில் ஒன்பது வருஷம் போய்விட்டது. தாராவியிலிருந்து சயான் வரைக்கும் நடை, அங்கிருந்து பஸ். போகும்போது எந்த நிறத்தில் இருப்பாளோ, திரும்பும்போது அதைவிட ஒரு சுற்று கருத்திருப்பாள்.

இந்த வருஷம் ஹோலி முடிந்ததும் ஷாலினியை அவள்தான் வேலைக்குக் கூட்டிவந்தாள். ஷாலினி, பானுமதியின் கொழுந்தன் மகேஷ்குமாரின் பெண்டாட்டி. பாண்டுப்பில் பிறந்து வளர்ந்தவள், வாயைத் திறந்தால் பாதி ஹிந்தி. ஒற்றை அறை வீட்டில் கீழே பானுமதி குடும்பம், பலகை அடித்த பரணில் சின்னவர்கள். பகல் முழுக்க பரணில் கிடந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறாளே என்று இரக்கப்பட்டதுதான். அந்த இரக்கத்தை நினைத்து நினைத்து இப்போது தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

வந்து மூன்று வாரம் ஆகியிருக்காது. துடைக்கக் கொடுத்த ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு ஷாலினி பந்தடிக்க விரித்திருந்த பாயில் போய் நின்றாள்.

“ஏட்டி, அதக் கீழ வையி. சேட் பாத்தா கத்துவாரு.”

“ஒண்ணே ஒண்ணுக்கா. பாண்டுப்ல எங்க அண்ணன்மாரு கிரிக்கெட் டீமுக்கே நாந்தான் ஓப்பனிங்.”

டக்கென்று ஒரு சத்தம். ஒன்பது வருஷமாகப் பந்துச் சத்தம் கேட்ட காது பானுமதிக்கு. ஸ்டிக்கின் நடுநெற்றியில் பட்டால் மட்டும் வருகிற சத்தம் அது. பந்து நூற்றைம்பது கஜம் என்று எழுதிய பலகையைத் தாண்டி விழுந்தது. சேட் டீ கிளாஸோடு வெளியே ஓடிவந்து, யார் அடித்தது என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் ‘ஷாலு’. பானுமதி எப்போதும்போல ‘அரே பானு’.

வீட்டில் அதைவிட மோசம். “எம் பொண்டாட்டி கோல்ஃப் அடிக்கா” என்று மகேஷ்குமார் சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். பானுமதியின் புருஷன் மாரிக்கண்ணனும் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அந்தப் பிள்ளைக்கு நல்ல கை வாகு” என்றான். அதற்கு மேல் அவனுக்கு ரசம் ஊற்றவில்லை பானுமதி. அவனும் கேட்கத் துணியவில்லை.

மே மாதம் சேட் ஒரு புது ஸ்டிக்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தலை வெளிநாட்டில் வாங்கியது, தண்டு இங்கே போட்டது. தட்டையான இரும்புத் தலை என்றால் அயர்ன். பெரிய உருண்டை மண்டை என்றால் வுட். இது இரண்டுக்கும் நடுவில், சின்ன மாங்கொட்டை மாதிரி இருந்தது.

“இதுக்குப் பேரு ஹைபிரிட்” என்றார் சேட். அவர் பேசுவதெல்லாம் ஹிந்தியில்தான்.

“ஹைபிரிட் தக்காளி மாதிரியா சேட்? பாக்கப் பளபளன்னு இருக்கும், ரசத்துல போட்டா புளிக்காதே” என்றாள் ஷாலினி. “ரெண்டையும் கலந்தா கிச்சடிதான?”

சேட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிச்சடி ஸ்டிக் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்துப் பானுமதி பார்த்ததே இல்லை. தனக்கும் தக்காளி தெரியும், கிச்சடி தெரியும், வாயில் மட்டும் ஏன் வரவில்லை என்று அன்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாள்.

சிரித்து முடித்ததும் சேட் விஷயத்துக்கு வந்தார்.

“நல்லா அடிக்கிறவன் விளக்குமாத்தக் கொடுத்தாலும் அடிப்பான். என் கஸ்டமர் யாரு? முதுகுவலி மானேஜரு, ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற வக்கீலு. நாலாம் நம்பர் அயர்ன்ல அவங்களுக்குப் பந்து எழும்பவே எழும்பாது. இந்தக் கிச்சடியில எழும்புமா? அது தெரியணும். எழும்புச்சுன்னா இருநூறு பீஸ் ஆர்டர் போடுறேன்.”

பத்து நாள் கழித்துப் பரிசோதனை. ஆளுக்கு நாலாம் நம்பர் அயர்னில் இருபது பந்து, கிச்சடியில் இருபது பந்து.

“அடிக்க வர்றவ ஒருத்தி வேணும், அது ஷாலு. அடிக்க வராதவ ஒருத்தி வேணும். பானு, உனக்கு வராது. அதனாலதான் நீ.” பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னார்: “வாஷியில புதுக்கடை திறக்கிறேன். ஏசி கடை. கஸ்டமர்கிட்ட நின்னு எடுத்துச் சொல்ல ஒருத்தி வேணும். இந்த ஸ்டிக்கப் பத்தி யாரு சரியாச் சொல்றீங்களோ, அவங்க அங்க போகலாம்.”

வாஷி என்றதும் பானுமதிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வெயில் கிடையாது. குனிந்து பந்து பொறுக்க வேண்டாம். நிமிர்ந்து நின்று பேசலாம். ஆனால் அதைவிட ஆழமாக உள்ளே போய்த் தைத்தது ‘உனக்கு வராது’ என்ற சொல்தான். அதுவும் ஷாலினி எதிரில். சேட் ஸ்டிக்கைத்தான் பரீட்சை செய்யப்போகிறார் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. தன்னையும் ஷாலினியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மார்க் போடப்போகிறார் என்றே எடுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முந்திய பஸ்ஸைப் பிடித்தாள். வீட்டில் சரக்கு இறக்கும் வேலை என்று சொல்லி வைத்தாள். கடை திறக்குமுன் நாலாம் நம்பர் அயர்னை எடுத்துக்கொண்டு வீசு வீசென்று வீசினாள். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. சாயங்காலம் மாவு பிசையும்போது உப்பு பட்டு உயிர்போயிற்று.

“என்னக்கா கையில?” என்றாள் ஷாலினி.

“ரப்பர் ஒட்டுற பசை. உம் வேலையப் பாரு.”

ஷாலினி மாவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதுகூடப் பானுமதிக்குப் பிடிக்கவில்லை. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று எரிந்தது.

பத்தாம் நாள் வந்தது. யாருடைய பந்து எது என்று தெரிய ஷாலினி தன் நெயில்பாலிஷைக் கொண்டுவந்திருந்தாள். பானுமதி பந்துக்குச் சிவப்பு, அவள் பந்துக்கு நீலம். அயர்னில் அடிக்கிற பந்துக்கு ஒரு பொட்டு, கிச்சடியில் அடிக்கிற பந்துக்கு இரண்டு பொட்டு. பந்துகள் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், வந்து பார்க்கிறேன் என்று சேட் உள்ளே ஒரு வாடிக்கையாளரோடு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பானுமதி. ஷாலினி பின்னால் நின்று எண்ணினாள். அயர்னில் இருபதும் போயிற்று. பத்து நாள் கொப்புளத்துக்குப் பலன் மூன்று பந்து, தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. மற்றதெல்லாம் வழக்கம்போல உருண்டு நாற்பது கஜத்துக்குள் சிதறிக் கிடந்தன. அடுத்து கிச்சடியை எடுத்தாள். முதல் வீச்சிலேயே பந்து எழும்பியது. எழும்பி, வானத்தில் ஒரு கணம் நின்று, நூறு கஜப் பலகைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் வாழ்க்கையில் அடித்த முதல் பந்து என்று சொல்ல வேண்டும். இருபதில் பதினாலு எழும்பியது.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஷாலினி இடது கையில் கையுறையை மாட்டிக்கொண்டு பாயில் ஏறியதும் அது போய்விட்டது. நீலப் பொட்டுகள் எல்லாம், ஒன்றானாலும் இரண்டானாலும், நூற்றைம்பதைத் தாண்டி ஒரே இடத்தில் போய்க் குவிந்தன. எந்த ஸ்டிக் என்றுகூட அவள் பார்த்து எடுத்த மாதிரி தெரியவில்லை.

“சேட்டக் கூட்டிட்டு வாரேன்க்கா” என்று ஷாலினி கடைக்குள் போனாள்.

பானுமதி நாற்பது கஜத்தில் கிடந்த தன் சிவப்புப் பந்துகளைப் பார்த்தாள். கூட்டமாகக் குந்தியிருந்து அவளைப் பார்த்து இளிப்பதுபோல இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். ஒற்றைப் பொட்டுப் பந்துகளில் பதினாலைப் பொறுக்கி, நூறு கஜப் பலகையைச் சுற்றிக் கொட்டிவிட்டுக் காலால் கலைத்துவிட்டாள். ஒன்பது வருஷப் பழக்கம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பும்போது குழாயடியில் ஷாலினி தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். தான் செய்ததை அவள் பார்த்தாளா பார்க்கவில்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

சேட் வந்தார். மைதானத்தில் இறங்கி ஒவ்வொரு பந்தாகப் புரட்டிப் பார்த்தார். போகப்போக முகம் சுருங்கியது.

“பானு, அயர்னும் இங்க, கிச்சடியும் இங்க. ரெண்டும் ஒண்ணா?”

“ஆமா சேட்.”

பலே என்பார், தட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தாள். சேட் நெற்றியைத் தேய்த்தார்.

“அப்ப இந்தக் கிச்சடி தண்டம். அயர்னும் இதே தூரம் போகுதுன்னா எவன் இத வாங்குவான்? ஆர்டர் கேன்சல்.” சொல்லிவிட்டு ஷாலினி பக்கம் திரும்பினார். “நீ பின்னால நின்னு பாத்தியே. நெஜமா அயர்ன்ல இவளுக்கு எழும்புச்சா?”

ஷாலினி பானுமதியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா சேட். அக்கா நல்லா அடிச்சாங்க. பத்து நாளா காலையில வந்து பழகுனாங்கல்ல” என்றாள்.

அப்போ அதுவும் தெரியும். பஸ் தெரியும், கொப்புளம் தெரியும், கூடை தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு, பாவம் போகட்டும் என்று தனக்குப் பிச்சை போடுகிறாள். பானுமதிக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டது. இவளிடம் தோற்கலாம். இவள் கொடுத்து ஜெயிக்கிறதா?

“பொய் சேட்” என்றாள். “ஒரு பொட்டுப் பந்தெல்லாம் நான் தூக்கியாந்து போட்டது. அயர்ன்ல மூணுதான் தாவுச்சு, மத்ததெல்லாம் உருண்டுபோச்சு. எனக்கு வராதுன்னு நீங்க சொன்னது நெசந்தான். ஆனா கிச்சடியில பதினாலு எழும்புச்சு. அத நான் தொடவே இல்ல.”

வாய் திறந்துவிட்டது, நிற்கவில்லை. “அயர்ன் அடிப்பக்கம் கத்தி மாதிரி சேட். கொஞ்சம் முன்னாடி பட்டாலும் பாயில குத்தி நின்னுரும், மணிக்கட்டு வலிக்கும். இதுக்கு அடி அகலம். இஸ்திரிப்பெட்டி துணியில போற மாதிரி வழுக்கிட்டுப் போயிருது. நான் தப்பா வீசுனாலும் பந்துக்கு அடியில போயிருது. பாரம் கீழ இருக்கு, அதான் தூக்குது. ஆனா நாலு பந்து இடது பக்கம் ஓடுச்சு, அதையும் கஸ்டமர்கிட்டச் சொல்லணும். பிடி தடிமனு, பொம்பளை கைக்கு ஒரு சைஸ் சின்னதா நான் ஏத்தித் தாரேன். அவளுக்கு இதெல்லாம் தெரியாது சேட். அவளுக்கு எது கொடுத்தாலும் போகும்.”

சேட் இரண்டு ஸ்டிக்கையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு ஒரு பந்தை வைத்து அயர்னால் அடிக்கச் சொன்னார். உருண்டது. கிச்சடியால் அடிக்கச் சொன்னார். எழும்பியது. இன்னும் ஐந்து. நான்கு எழும்பின.

“ஒன்பது வருஷத்துல நீ இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல” என்றார். “இதத்தான் அந்த வக்கீலுக்குச் சொல்லணும். இருநூறு போடுறேன். வாஷிக்கு நீதான்.”

பிறகு ஷாலினியிடம் திரும்பினார். குரலில் ‘ஷாலு’ இல்லை. “இவ பொய் பண்ணா, இவளே வந்து சொல்லிட்டா. நீ கண்ணால பாத்துட்டு எம் முகத்துக்கு நேரா ஆமான்னு சொன்ன. நாளைக்குக் கஸ்டமர்கிட்டயும் இப்படித்தான் ஆமா போடுவ. உன்ன எந்தக் கவுன்ட்டர்ல நிறுத்துறது?”

ஷாலினி பானுமதியைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தாள், அடுத்து அக்கா பேசுவாள் என்பதுபோல.

‘எனக்காகத்தான் சேட் அவ சொன்னா.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பானுமதியின் தொண்டை வரைக்கும் வந்தது. அதன்மேல் வாஷி ஏறி உட்கார்ந்துகொண்டது. இவளையும் கூட்டிப்போகலாம் என்று சேட் சொல்லிவிட்டால்? அந்த ஏசிக் கடையிலும் ‘ஷாலு, ஷாலு’ என்று ஆரம்பித்துவிட்டால்? இஸ்திரிப்பெட்டி வரைக்கும் கோவையாகப் பேசிய வாய், அந்த ஒரு வாக்கியத்துக்கு இறுகிப்போய்விட்டது. குனிந்து, விழாத பந்தைத் தேடுகிறவள்போலப் பாயைப் பார்த்தாள்.

ஷாலினி இடது கையிலிருந்து கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். சுருக்கம் நீவி, நாற்காலிமேல் வைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டாள். இரண்டு பேருக்குமாகக் காலையில் அவள் கட்டிவந்த டப்பாக்களில் பானுமதியுடையதை மட்டும் வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துபோனாள்.